வானில் பதில் சொல்லாதவை

2022 ஜூன் 13ஆம் திகதி, 275 பயணிகளுடன் லண்டனிலிருந்து கொழும்பு நோக்கி வந்த ஸ்ரீலங்கன் விமானம் யூ.எல். 504, துருக்கியின் மேலே 33,000 அடி உயரத்தில் பறந்தது. அங்காரா கட்டுப்பாட்டாளர்கள் 35,000 அடிக்கு ஏறுமாறு இருமுறை கூறியும் விமானிகள் ஏறவில்லை. ஏறக்குறைய 15 மைல் தொலைவில், அதே 35,000 அடியில் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானமொன்று இருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சில நிமிடங்களின் பின்னரே “ஏற வேண்டாம்” என்ற அவசரச் செய்தி கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நம்மில் எத்தனை பேரின் வாப்பாமார் விமானத்தில் வந்து போகிறார்கள்! அதனால்தான் இதை விரிவாகத் தேடிப் படித்தேன்.

விமானத்திலுள்ள மோதல் தவிர்ப்புக் கருவி, “யார் அங்கே?” என்று சுற்றிலும் கேட்டபடியே இருக்கும். மற்ற விமானத்தின் கருவி தன் உயரத்தைப் பதிலாக அனுப்பும். பட்டமும் பலூனும் பதில் சொல்லமாட்டா. அங்கே விமானியின் கண்தான் துணை.

கண்ணுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? மணிக்கு 900 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 250 மீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு முன்னால் மிதக்கும் பொருளை அடைய நான்கே செக்கன். அதிலும் ஒரு சிக்கல்: மோதும் பாதையிலுள்ள பொருள் கண்ணாடியில் இடமோ வலமோ நகராது. அசையாத புள்ளியாகத் தெரிந்து, கடைசியில் திடீரெனப் பெருக்கும். அப்பொருள் ஒரு கிலோகிராம் என்றால் அரை எம் வீ வர்க்கம் போட்டுப் பாருங்கள், 31,250 யூல் வரும். மூன்று கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஒரு கிலோ படிக்கல் விழுவது போல!

2025 ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு மேலே, 36,000 அடியில் யுனைட்டட் விமானமொன்றின் முன்கண்ணாடி நொறுங்கி, விமானியின் கையில் கண்ணாடித் துகள்கள் கீறின. விண்வெளிக் கழிவு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். கடைசியில் அது ஒரு வானிலை ஆய்வுப் பலூன்.

நமக்குக் கிட்டிய ஆபத்து பட்டம். வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து இரத்மலானை விமான நிலையம் தூரமில்லை. ஓகஸ்ட் காற்றில் தம்பிமார் நைலோன் நூலை விட்டுக்கொண்டே போவார்கள். விமான நிலையங்களைச் சுற்றி 5 கிலோமீற்றருக்குள் பட்டம் விட வேண்டாமென அதிகாரிகள் எச்சரித்திருப்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

பறக்கும் தட்டுக் கதைகளில் எனக்கு ஈடுபாடில்லை. ஆனால் 1995 ஜனவரி 6ஆம் திகதி மென்செஸ்டரில் தரையிறங்க வந்த பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் போயிங் 737 விமானத்தின் கதை வேறு. ஆப்பு வடிவப் பொருளொன்று வலப்பக்கமாக விரைந்து கடந்தது. துணை விமானி தன்னையறியாமல் தலையைக் குனிந்தார். ராடரில் எதுவும் இல்லை. சிரிப்பார்களே என்று மறைக்காமல் இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். விசாரித்த குழு அந்தத் துணிவைப் பாராட்டியது. தாம் கண்டதை அவர்கள் படமாகவும் வரைந்து கொடுத்திருந்தனர். அது என்ன பொருள் என்பதற்கு மட்டும் அறிக்கையில் விடை இல்லை.