பந்தய எஞ்சினுக்குப் பிஸ்டன் வாங்கப் போகிறீர்களா?



ஆட்டோமொபைல் பிரிவில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் "வண்டியைப் பறக்க விடுவது எப்படி" என்பதில்தான் வந்து நிற்கும். உடனே ஒருத்தர், "பெரிய பிஸ்டனா போடு மச்சி, பவர் தானா வரும்" என்பார். வருமா? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

நமக்கெல்லாம் பழக்கமான மாருதி 800 எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன். 1983-ல் வெளிவந்து 2014-ல் உற்பத்தி நின்ற வண்டி. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களில் ஓடியதும் இந்த எஞ்சின்தான். மூன்று சிலிண்டர், போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ., கொள்ளளவு 796 சி.சி. இதில் 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போர் 69 மி.மீ. ஆகும். கொள்ளளவு சுமார் 808 சி.சி. கூடியது வெறும் 12 சி.சி.! இதற்காக வண்டி பறக்காது. ஓவர்சைஸ் என்பது தேய்ந்த போரைச் சரிசெய்யத்தான்.

பவர் எங்கிருந்து வரும்?

கம்ப்ரஷன் ரேஷியோவிலிருந்து வரும். ஒரு சிலிண்டரின் ஸ்வெப்ட் வால்யூம் 265.3 சி.சி. ரேஷியோ 8.7 என்று வைத்துக்கொண்டால், கிளியரன்ஸ் வால்யூம் 265.3 ÷ 7.7 = 34.5 சி.சி. அதை 10 ஆக்க வேண்டுமானால் 265.3 ÷ 9 = 29.5 சி.சி. ஆக வேண்டும். அதாவது தலை 5 சி.சி. மேடாக உள்ள பிஸ்டன் தேவை. ஆனால் மேடு உயர்ந்தால் வால்வு வந்து இடிக்கலாம். ஆகவே பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் களிமண் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, பதிந்த தடத்தை அளக்க வேண்டும். இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணும் புது ரேஷியோவுக்கு ஈடுகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கிங் வந்து, ரிங் லேண்ட் உடைந்து, பிஸ்டனும் ஓட்டையாகிவிடும்.

எந்த உலோகம்?

தினசரி ஓட்டத்துக்கு வார்ப்புப் பிஸ்டன் போதும். பந்தயத்துக்கு ஃபோர்ஜ்டு. அதிலும் இரண்டு வகை உண்டு. 4032 கலவையில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம்; குறைவாக விரியும். 2618-ல் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும். 68.5 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 2618 சுமார் 0.15 மி.மீ. விரியும், 4032 சுமார் 0.13. வார்ப்பிரும்பு போரோ 0.075 தான் விரியும். இந்த வித்தியாசத்துக்கு இடம் விடாவிட்டால் பிஸ்டன் சீஸ் ஆகும். இடம் விட்டால் குளிர்ந்த எஞ்சினில் 'கடகட' சத்தம் கேட்கும். அது கோளாறு அல்ல, சூடானதும் அடங்கிவிடும்.

எங்கே, எப்படி வாங்குவது?

பிஸ்டன் தொழில் நமக்குப் புதிதல்ல. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது 1949-ல். வார்ப்புப் பிஸ்டன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். ஃபோர்ஜ்டு வேண்டுமானால் வைஸ்கோ, ஜே.ஈ. போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டியிருக்கும். போர், பின் விட்டம், கம்ப்ரஷன் ஹைட், ரிங் தடிமன், வால்வு பாக்கெட் ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லில் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

போன வருஷம் புராஜெக்டுக்காக என் வகுப்புத் தோழனோடு ஒரு கடைக்குப் போனேன். "ஒரிஜினல்தான் தம்பி" என்று ஒரு செட்டை நீட்டினார்கள். தராசு கேட்டோம். மூன்று பிஸ்டனும் மூன்று எடை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 6 கிராம் வித்தியாசம்! ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் போனாலே அதிவேகத்தில் அதிர்வு கூடும். வாங்காமல் திரும்பினோம். ஆறு பேர் வீட்டில் கெஞ்சி வாங்கி வந்த பணம் அது. தராசு கேட்க வெட்கப்பட்டிருந்தால் போயிருக்கும்.

மறக்கக் கூடாத வரிசை

1. முதலில் பிஸ்டன் கையில் வரட்டும், பிறகே போரிங். பெட்டியில் எழுதிய அளவை நம்பிப் பிளாக்கை வெட்டினால், வெட்டிய உலோகம் திரும்ப வராது.
2. பின்னுக்குச் செங்குத்தாக, கம்பெனி குறிப்பிட்ட உயரத்தில், ஸ்கர்ட்டை மைக்ரோமீட்டரால் அளக்கவும். மூன்றையும் தனித்தனியாக அளந்து நம்பர் போடவும்.
3. கம்பெனி தாளில் உள்ள கிளியரன்ஸைக் கூட்டி, அந்த அளவுக்கு போரிங், ஹோனிங் செய்யச் சொல்லவும்.
4. ரிங் இடைவெளி: டர்போ இல்லாத எஞ்சினுக்கு, போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.004 அங்குலம் என்பது பொதுக் கணக்கு. நம் எஞ்சினுக்குச் சுமார் 0.27 மி.மீ.
5. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்துப் பூட்டவும்.

நண்பர்களே, விலை உயர்ந்த பிஸ்டன் நல்ல பிஸ்டன் என்பதல்ல; நம் போருக்கும் பெட்ரோலுக்கும் பொருந்துவதே நல்ல பிஸ்டன். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பணத்தோடு மைக்ரோமீட்டரையும் எடுத்துப் போங்கள்!