தன்முன்னேற்ற நூல்களும் நாவல்களும்

இக்காலத்து இளைஞர் விரும்பிப் பயிலும் நூல்கள் பெரும்பாலும் இருவகையின. ஒன்று, உழைப்பாலும் ஒழுங்காலும் உயர்வது எங்ஙனம் என்று கற்பிக்கும் தன்முன்னேற்ற நூல். மற்றொன்று, மாந்தர் வாழ்ந்த வகையையும் தாழ்ந்த வகையையும் கதையாக விரிக்கும் நாவல். அண்மையில் இவ்விருவகையினும் சிலவற்றை அடுத்தடுத்துப் படிக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. படிக்குங்கால் ஓர் ஐயம் எழுந்தது. மனிதன் தன் நிலையைத் தானே ஆக்கிக்கொள்கின்றான் என்கிறது முன்னது. நிலையே மனிதனை ஆக்குகின்றது என்று காட்டுகிறது பின்னது. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடுமோ? கூடாதெனின் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? போடிநாயக்கனூரிலும் அதன் மேலுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் உழைப்பாரைக் கண்முன் வைத்து இவ்வினாவை ஆராய்தல் நலமெனக் கருதி, எம் எண்ணங்களை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

போடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறும் தொழிலாளருட் பலர் பெண்டிர். ஏலக்காய் உயரத்துக் கிளையில் விளைவதன்று. செடியின் அடியில், தரையையொட்டி நீளும் சரங்களில் விளைவது. ஆதலின் குனியாது பறித்தல் இயலாது. பிஞ்சும் பூவும் உதிராவண்ணம் முற்றிய காயையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்து 1 கிலோ ஆகும். உலர்ந்த காய் தரம் பிரிக்கப்பட்டுப் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடைபெறும் ஏலங்களில் விலைபோகும். இத்தகைய இல்லங்களிலிருந்து கல்லூரிக்கு வந்து, தன்முன்னேற்ற நூலைக் கையில் ஏந்தும் மாணவர்க்கு நாம் எடுத்துக்கொண்ட வினா வெறும் ஏட்டு வினா அன்று. தம் தாய் தந்தையரை எவ்வாறு மதிப்பது என்பதே அதனுள் அடங்கியுள்ளது.

நிற்க. தன்முன்னேற்ற நூல்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், தாமே கூடிக் கல்வி பயின்ற தொழிலாள இளைஞர்க்குச் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பார் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றினின்றும் வளர்ந்து 1859-இல் வெளிவந்ததே 'செல்ஃப் ஹெல்ப்' என்னும் நூல். செல்வர்க்கன்றிக் கைத்தொழிலாளர்க்கே அது முதலிற் கூறப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. அதே 1859-இல் தமிழ்நாட்டில் வேதநாயகம் பிள்ளை 'நீதிநூல்' வெளியிட்டார். மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய அவரே, 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ் நாவலையும் தந்தார். எனவே நீதி புகட்டும் நூலும் நாவலும் நம் மொழியில் ஒரு கையினின்றே பிறந்தன எனலாம். அவை ஒன்றற்கொன்று பகையாதல் வேண்டுவதில்லை என்பதற்கு இஃது ஒரு குறிப்பு.

யாம் படித்தவற்றுள் முதலாவது, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் 'மனம்போல வாழ்வு'. ஜேம்ஸ் ஆலன் 1903-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூலின் தமிழாக்கம் இது. ஒருவன் அடையும் நிலைமைகள் அவன் எண்ணங்களின் விளைவே என்பது இதன் உயிர்நாடி. நூல் மிகச் சிறிது, நடை செறிவுடையது, ஒரே மாலையில் படித்து முடிக்கலாம், ஆயின் ஒரே மாலையில் மறக்க இயலாது. மனத்தைத் தோட்டமாக உருவகிக்கும் பகுதி நம் மலைச்சரிவு மாணவர்க்கு எளிதில் விளங்கும். களை எடாத தோட்டம் என்னாகும் என்பதை அவர் கண்டறிந்தவராதலின். மடியில் வீழ்ந்து, தம் தோல்விக்கெல்லாம் பிறரையே காரணமாகக் காட்டும் இளைஞர்க்கு இதனினும் நன்மருந்து யாம் கண்டிலம்.

ஆயினும் மருந்துக்கும் அளவு உண்டு. 2006-இல் ரோண்டா பைர்ன் எழுதி, தமிழிலும் வந்துள்ள 'இரகசியம்' என்னும் நூல் இவ்வளவைக் கடந்தது என்பது எம் கருத்து. விரும்பியதை உளமார எண்ணினால் அது தானே வந்தடையும் என்று அது கூறுகிறது. இக்கூற்றை ஏலமலையில் வைத்துச் சோதிப்போம். 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளம் தோட்டங்களை அழித்தது; காய் அருகியது. மறு ஆண்டு ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்றின் உச்சவிலை 7000 ரூபாயைத் தொட்டது. 2021-இல் விலை 1000 ரூபாய் அளவிற்கு இறங்கிற்று. விளைவிப்போர் எண்ணம் 2019-இல் ஏழு மடங்கு தூயதாகிப் பின் மாசுபட்டதோ? 2020 மார்ச்சில் ஊரடங்கால் மாநில எல்லை அடைபட, நாள்தோறும் மலையேறி வந்த தொழிலாளர் வேலையிழந்து அடிவாரத்தில் முடங்கினர். அவர்தம் மனத்தில் எந்தக் களை முளைத்தது? ஒருவன் தன்னைத் திருத்தக் கொள்ளும் விதியை அயலானை அளக்கும் கோலாகக் கொள்வானாயின், வறியவனைச் சோம்பன் என்றும், நோயாளியை நெஞ்சுரமற்றவன் என்றும் இகழும் கொடுமை விளையும். தன்முன்னேற்ற நூல்களின் பெருங்குறை இதுவே.

இக்குறையை நிரப்ப வல்லது நாவல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல், 1969-இல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். பஞ்சத்தால் வாடிய திருநெல்வேலிச் சீமைச் சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி, முன்பணம் பெற்று மலையேறுகின்றனர். குளிரிலும் காய்ச்சலிலும் ஓயாது உழைத்தும், கணக்குத் தீர்க்கும் நாளில் கடனே எஞ்சுகிறது. அவர் உழைப்பில் குறையில்லை, எண்ணத்திலும் மாசில்லை, கணக்கேடு அவர் கையில் இல்லை என்பதே குறை. நூல் சிற்சில இடங்களில் கதையினும் அறிக்கையாகவே தோன்றுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் நோயாளிகளை அருகிருந்து கண்டவர் எழுத்தாதலின், அதன் வாய்மை நம்மைக் கட்டி நிறுத்துகின்றது.

இனி நம் மாவட்டத்து மண்ணையே களமாகக் கொண்டது வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. வைகை அணை எழுந்தபோது நீரில் மூழ்கிய சிற்றூர்களின் துயரைப் பேயத்தேவர் என்னும் முதிய உழவர் வாயிலாக அது உரைக்கிறது. நடையில் அணிகள் மிகுந்து, கதை சில வேளை அவற்றின் பின்னே மறைகின்றது என்பது எம் கருத்து. பேச்சுமொழியின் உயிர்ப்போ குறைவின்றி விளங்குகின்றது. அணையால் பல்லாயிரம் ஏக்கர் விளைந்தது மெய். அதன்பொருட்டுத் தம் வீட்டை இழந்தார் உழைப்பில் குறைந்தவரல்லர் என்பதும் மெய். ஒரே நீரில் இவ்விரு மெய்களையும் காணச் செய்தலே நாவலின் தொழில்.

இவற்றிற்கெல்லாம் முற்பட்டது, வத்தலக்குண்டில் பிறந்த ராஜமையர் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதி, 1896-இல் நூலாக வந்த 'கமலாம்பாள் சரித்திரம்'. ஊர்வம்பு ஒன்றே ஒற்றுமையான குடும்பத்தை எங்ஙனம் உடைக்கும் என்பதை நகைச்சுவையோடு காட்டும் அந்நாவலைப் படித்தோர், அயலார் இல்லத்தைப் பற்றி வாய்திறக்குமுன் ஒருகணம் தயங்குவர். ஆயிரம் அறிவுரைகளால் ஆகாத காரியம் இது.

அங்ஙனமாயின் நாவலையே கொண்டு மற்றதைத் தள்ளலாமோ எனின், அதுவும் தவறு. நாவலுக்கும் ஒரு குறை உண்டு. கருப்பனுக்காகக் கண்ணீர் விட்டவன், தான் நல்லன் என்னும் நிறைவோடு உறங்கிவிடுவான். மறுநாள் செய்யவேண்டிய கடமை அப்படியே கிடக்கும். எல்லாம் சூழ்நிலையின் செயலே என்று கூறித் தன் மடிக்குப் போர்வை தேடிக்கொள்வாரும் உளர். பிறர் துயருக்கு இரங்கக் கற்ற நெஞ்சு, தன் பிழைக்கும் இரங்கிவிடல் எளிது.

இவ்விரு குறைகளையும் வென்ற ஒருவரை நாம் முன்னரே கண்டோம். வ. உ. சி. 1908 பிப்ரவரி மாத இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் தலைமை தாங்கினார். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. 'உங்கள் எண்ணத்தைத் திருத்துங்கள், கூலி தானே உயரும்' என்று அத்தொழிலாளர்க்கு அவர் கூறவில்லை. மார்ச்சில் அவர் கைதானார். ஜூலையில் 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட, 1912-இன் இறுதியில் விடுதலை பெற்றார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அச்சிறைவாழ்வின் காலத்தேதான் ஆலன் நூலைத் தமிழாக்கினார். பிறர் துன்புற்றபோது சூழ்நிலையை மாற்றப் போராடியவர், தாம் துன்புற்றபோது தம் மனத்தை ஆளக் கற்றார். முன்னது பிறர்க்கு, பின்னது தமக்கு. இவ்வேறுபாட்டை உணர்ந்தார்க்கு நம் ஐயம் தீரும். வள்ளுவரும் ஊழ் என 38-ஆம் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமை என 62-ஆம் அதிகாரத்தையும் ஒரே நூலில் வகுத்தார். ஒன்றைக் கூறியதனால் மற்றதைக் கைவிட்டாரல்லர்.

ஆதலின் மாணவ நண்பர்களே, தன்முன்னேற்ற நூலைப் படிக்கும்போது அதன் கண்ணாடியை நும் முகத்திற்கு நேரே பிடியுங்கள். பிறர் முகத்தின்மேல் திருப்பாதீர்கள். நாவலைப் படிக்கும்போது அதன் விளக்கைப் பிறர் இல்லத்தின்மேல் செலுத்துங்கள். நும் சோம்பலுக்கு அதனால் நியாயம் தேடாதீர்கள். காலைத் துயிலெழுதற்கும், குறித்த நேரத்தில் பாடம் பயிலுதற்கும், தீய பழக்கம் ஒழித்தற்கும் ஆலன் போதும். குனிந்து காயெடுத்து நும்மைக் கல்லூரிக்கு அனுப்பிய அன்னை, ஏன் இன்னும் ஓட்டு வீட்டில் வாழ்கின்றார் என்று அறிதற்கு ஆலன் போதார், டேனியல் வேண்டும். தன்னிடத்துக் கண்டிப்பும் பிறரிடத்துக் கனிவும் ஒருவனிடத்தே ஒருங்கமையுமாயின், அவன் படித்த நூல்கள் பயன்பட்டன என்பதே எம் துணிபு.