யப்பானியப் பிரதமர் தனாக்கா

யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷூவை நெடுக்காகப் பிரிப்பது ஒரு மலைத்தொடர். சைபீரியாவிலிருந்து கடல் கடந்து வரும் குளிர்காற்று அம்மலைகளில் மோதி, மேற்குக் கரையில் ஆளுயரத்துக்கு மேலாகப் பனியைச் சொரிகின்றது. தோக்கியோ அமைந்த மறுபுறமோ குளிர்காலத்திலும் வெயில் காண்பது. தொழிற்சாலைகளும் செல்வமும் அங்கே குவிந்தன. மேற்குக்கரை ‘பின்புற யப்பான்’ எனப்பட்டது. இவ்வேற்றுமையை அறிந்தாலன்றித் தனாக்கா காக்குவேயின் வரலாற்றை நாம் விளங்கிக்கொள்ளல் அரிது.

அவர் அப்பனிநாட்டு நீகத்தாவில் 1918 இற் பிறந்தார். தந்தையார் வாணிகத்திற் பொருளிழந்தமையால் அவர் உயர்கல்வி பெற்றிலர். 1934 இல் தோக்கியோ சென்று, பின்னர்க் கட்டட ஒப்பந்தத் தொழிலிற் பொருளீட்டி, 1947 இற் பாராளுமன்றம் புகுந்தார். 1957 இல் அஞ்சல் மந்திரி, 1962 இல் நிதி மந்திரி, 1972 யூலையிற் பிரதம மந்திரி! பல்கலைக்கழகப் பட்டதாரிகளே பெரிதும் ஆண்ட நாட்டில் இது வியப்பன்றோ? அவ்வாண்டு செப்டெம்பரிற் சீனாவுடன் உறவை நிலைநாட்டினார்.

இவ்வேற்றத்தின் சூட்சுமம் யாது? அக்காலத் தேர்தல் முறையில் ஒரு தொகுதிக்குப் பெரும்பாலும் மூவர் முதல் ஐவர் வரை தெரிவாயினர். ஒரே கட்சியினர் தம்முள்ளே போட்டியிட்டமையாற் கட்சிப்பெயர் மட்டும் போதாதாயிற்று. பணமும் தனிச் செல்வாக்கும் வேண்டியிருந்தன. தனாக்கா நீகத்தாவுக்குத் தெருக்களும் பாலங்களும் மலைக்குகை வழிகளும் பெற்றுக்கொடுத்தார். ஒப்பந்தகாரர் பணமும் வாக்கும் திரட்டினர். அப்பணம் கட்சியிலே அவருக்கென ஒரு பெரும் அணியை வளர்த்தது.

அப்பணமே அவரை வீழ்த்தியது. 1974 இல் ஒரு சஞ்சிகை அவரது வரவுசெலவை ஆராய்ந்து வெளியிட்டது. அவ்வாண்டு டிசெம்பரிற் பதவி துறந்தார். லொக்ஹீட் விமானக் கம்பெனியிடம் 50 கோடி யென் பெற்றாரென 1976 இற் கைதாகிக் கட்சியினின்றும் நீங்கினார். ஆயினும் புறத்தே நின்று பிரதமர்களை ஆக்கும் வல்லமை அவரை விட்டகலவில்லை. 1983 ஒக்டோபரில் நீதிமன்றம் நாலாண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீடு செய்து வெளியிலிருந்த அவருக்கு, டிசெம்பர்த் தேர்தலில் நீகத்தா மக்கள் 220,000 இற்கு மேற்பட்ட வாக்குகளை அளித்தனர்!

இதனைப் பேதைமை என்று நகைத்தல் எளிது. பனிக்காலத்திற் பட்டணம் செல்ல வழியின்றி இருந்த ஊரார்க்கு அவர் அமைத்த குகைவழி கண்முன் நின்றது. நீதிமன்றமோ தொலைவில் இருந்தது. ஆனால், அவ்வழிக்குப் பொருள் கொடுத்தோர் வரியிறுத்த நாட்டினர் யாவரும் என்பதை அவர்கள் எண்ணினாரில்லை. மாணவர் இவ்விரண்டையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

அவரது அணியைக் குலைத்தது நீதிமன்றமன்று. 1985 பெப்ருவரியில் அணியினரான தக்கெஷித்தா தமக்கெனக் குழுவொன்றமைத்தார். அம்மாதமே தனாக்கா மூளைநோயால் வீழ்ந்து பேச்சுவன்மை இழந்தார். 1987 இல் மேன்முறையீடு தள்ளப்பட, வழக்கு உயர்மன்றத்தில் நிலுவையிலிருக்கவே 1993 டிசெம்பரிற் காலமானார். சிறைத்தண்டனையை அவர் அநுபவிக்கவில்லை. அவ்வாண்டு நடந்த தேர்தலில் நீகத்தா மக்கள் அவர் மகளைத் தெரிவுசெய்திருந்தனர்.