துளசித் தீர்த்தமும் துவாதசி நியமமும்

பெருமாள் சந்நிதியில் ஸாதிக்கப்பெறும் தீர்த்தத்தில் துளசி, ஏலம், கிராம்பு, பச்சைக் கர்ப்பூரம் முதலியன சேரும். இருமலுக்குத் துளசியை ஆயுர்வேதமும் சித்த வைத்தியமும் கூறும். ஆயினும் தீர்த்தம் மருந்தன்று. உள்ளங்கையளவே பெறுவது சித்தம் தெளிதற்பொருட்டாம். காய்ச்சலுற்றோர் வைத்தியரை நாடுதலே முறை.

துவாதசியன்று துளசி பறித்தலாகாது என்பர் பெரியோர். முதல் நாளே பறித்து வைப்பதுண்டு. செடிக்கும் அன்று ஓய்வு போலும்! கதிரை அவ்வப்போது கிள்ளினால் பக்கக் கிளைகள் தழைக்கும். விதை முற்றவிட்டால் இலை குன்றும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பாகலூர்ப் பகுதியில் மார்கழிப் பனிக்குத் துளசி வாடும். வெயில்படும் இடமே அதற்கு நன்று.

இவ்வூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா விளைகிறது. சந்தைக்குரிய அம்மலருக்குப் பூச்சிமருந்து தெளிப்பர். மாலையாகச் சமர்ப்பிக்கலாம்; தீர்த்தப் பாத்திரத்தில் அதன் இதழை இடலாகாது. தீர்த்தக் கைங்கரியத்திற்கு வீட்டு முற்றத்துத் துளசியையே கழுவிக் கொணர்வாராக.