மலை ஏறும் மிதிவண்டி: கொடுத்த ஆற்றல் எங்கே போகிறது?

வார இறுதிகளில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலையில் மிதிவண்டியோட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியைத் தாண்டி, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா வரை வளைந்து வளைந்து ஏறுவார்கள். ஏறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். இறங்குவதற்கு அதில் பாதிகூட ஆகாது.

ஏறும்போது உடல் வருந்திக் கொடுத்த ஆற்றல் எங்கே போனது? இறங்கும்போது அது எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், மிதிவண்டியின் கியரும் பிரேக்கும் எதற்காக இருக்கின்றன என்பது தானாகவே விளங்கிவிடும்.

மலைக்குச் செலுத்தும் கட்டணம்

தாப்பா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் உள்ளது. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆக, ஏற வேண்டிய உயரம் சுமார் 1,400 மீட்டர்.

55 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவர், 15 கிலோகிராம் எடைக்கு மிதிவண்டியும் தண்ணீரும் பையும். மொத்தம் 70 கிலோகிராம். இப்போது கணக்கிடுவோம்.

ஈர்ப்பு நிலையாற்றல் = நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்
= 70 × 10 × 1,400
= 980,000 ஜூல், அதாவது 980 கிலோஜூல்.

பள்ளியில் 'தெனாகா கெயுபாயான் கிராவிட்டி' என்று மலாயில் படிக்கிறீர்களே, அதுதான் இது. நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி, உடல் வெப்பமாக வெளியேறுகிறது. எனவே 980 கிலோஜூல் வேலைக்குச் சுமார் 3,900 கிலோஜூல் உணவு ஆற்றல் வேண்டும். அது ஏறத்தாழ 940 கிலோகலோரி. ஒரு வெறும் ரொட்டி சானாயில் சுமார் 300 கிலோகலோரி உண்டு. அப்படியானால், மலையின் உயரத்தைக் கடக்க மட்டுமே மூன்று ரொட்டி சானாய்! காற்றுத் தடைக்கும் சக்கர உராய்வுக்கும் ஆகும் செலவு தனி.

சாலை ஏன் வளைகிறது?

மேலே உள்ள கணக்கில் தூரம் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நேராக ஏறினாலும் சுற்றி ஏறினாலும் 1,400 மீட்டருக்கு உரிய 980 கிலோஜூலைக் கொடுத்தே தீர வேண்டும். பிறகு சாலையை வளைத்து வளைத்துப் போடுவதால் என்ன பயன்?

தேவைப்படும் விசை குறைகிறது. 100 மீட்டர் செல்லும்போது 5 மீட்டர் உயர்ந்தால் அதை 5 விழுக்காட்டுச் சரிவு என்கிறோம். நம் 70 கிலோகிராம் வண்டியின் எடை 700 நியூட்டன். 5 விழுக்காட்டுச் சரிவில் அதை மேலே தள்ள ஏறத்தாழ 35 நியூட்டன் விசை போதும். 10 விழுக்காட்டில் 70 நியூட்டன் வேண்டும். தூரத்தைக் கூட்டினால் விசை குறையும். இரண்டையும் பெருக்கினால் வரும் வேலை மாறாது.

தாப்பா சாலையின் கட்டுமானம் 1926-இல் தொடங்கி 1931-இல் முடிந்தது. தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே பறவை பறக்கும் தூரம் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சாலையின் நீளமோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 2.3 விழுக்காடுதான். ஆனால் சராசரியை மட்டும் நம்பிவிடக் கூடாது. சில இடங்களில் சாலை சமமாக ஓடும்; சில இடங்களில் சராசரியைவிடச் செங்குத்தாக எழும்.

பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஆல்ப் துவேஸ் என்ற ஊருக்கு ஏறும் சாலை உலகப் புகழ்பெற்றது. அதில் 21 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நீளம் சுமார் 14 கிலோமீட்டர், சராசரிச் சரிவு ஏறத்தாழ 8 விழுக்காடு. நம் கேமரன் மலை ஏற்றம் உயரத்தில் அதைவிடப் பெரியது. ஆனால் அதே ஆற்றலை நான்கு மடங்கு தூரத்தில் சிறிது சிறிதாகக் கேட்கிறது.

கியர் செய்யும் வேலை

ரப்பர் தோட்டங்களில் உங்கள் தாத்தா ஓட்டிய பழைய சைக்கிளில் கியர் கிடையாது. முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். மிதியை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுழலும்; வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். சமதளத்தில் இது வசதிதான்.

இன்றைய சாலைப் பந்தய மிதிவண்டியில் முன்னும் பின்னும் 34 பற்கள் உள்ள கியரைத் தேர்ந்தெடுத்தால், ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் மட்டுமே நகரும். 10 விழுக்காட்டுச் சரிவில் இந்த இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பழைய சைக்கிள்: ஒரு சுற்றுக்கு 70 × 5.4 = 378 ஜூல்.
சிறிய கியர்: ஒரு சுற்றுக்கு 70 × 2.1 = 147 ஜூல்.

மிதி ஒரு சுற்றில் சுமார் 1.07 மீட்டர் நகர்கிறது. எனவே காலால் கொடுக்க வேண்டிய சராசரி விசை பழைய சைக்கிளில் ஏறத்தாழ 350 நியூட்டன். சிறிய கியரில் 140 நியூட்டனுக்கும் குறைவு. 55 கிலோகிராம் எடையுள்ளவரின் முழு எடையே 550 நியூட்டன்தான். அதில் பாதிக்கு மேல் ஓயாமல் மிதிக்க யாரால் முடியும்? மேட்டில் பால் வாளியோடு சைக்கிளை இறங்கித் தள்ளியது சோம்பல் அல்ல, இயற்பியல்!

கியர் ஆற்றலை மிச்சப்படுத்துவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் உரிய பங்கைச் சிறியதாக்குகிறது. அதற்கு ஈடாக அதிகமுறை மிதிக்க வைக்கிறது. வளைந்த சாலையும் கியரும் செய்வது ஒரே தந்திரம்தான்.

டயரில் கசியும் ஆற்றல்

1877-இல் நம் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் மிதிவண்டிப் பயணம் சுகமானது. டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி மீண்டும் விரிகிறது. நசுக்கும்போது வாங்கிய ஆற்றலை ரப்பர் முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடும். காற்றுக் குறைந்த டயர் அதிகம் நசுங்கும். அதிக ஆற்றல் வீணாகும். மலை ஏறுமுன் காற்றைச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

இறக்கத்தில் கடன் திரும்புகிறது

இப்போது நாம் தானா ராத்தாவில் நிற்கிறோம். 980 கிலோஜூல் நம்மிடம் சேமிப்பாக இருக்கிறது. 3 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். தாப்பாவில் வந்து நிற்பதற்குள் அந்த ஆற்றல் முழுவதும் வெளியேற வேண்டும். அதற்கு மூன்று வழிகள்தான்: காற்றுத் தடை, டயர் உராய்வு, பிரேக்.

பிரேக் பிடிக்காமல் 10 விழுக்காட்டுச் சரிவில் இறங்கினால் என்ன ஆகும்? நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலும், 300 மீட்டர் இறங்குவதற்குள் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். மணிக்கு 54 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 15 மீட்டர். சுமார் 11 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டிப்பானால், ஆற்றல் நான்கு மடங்காகும். நல்ல பிரேக் கொண்ட வண்டி, உலர்ந்த சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் பிடித்த பிறகு ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 35 மீட்டர் வேண்டும். கண் பார்த்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஓடும் தூரத்தையும் இதோடு கூட்ட வேண்டும். மழையில் ரிம் நனைந்திருந்தால், முதலில் நீர்ப்படலம் துடைக்கப்பட்ட பிறகே பிரேக் நன்றாகப் பிடிக்கும். இறக்கத்தில் தூரம் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்து 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளை எண்ணிப் பாருங்கள். பலவற்றில் பிரேக்கே இருக்காது. ஓட்டுபவர் வண்டிமேல் படுத்துக்கொள்வதால் காற்றுத் தடையும் குறைகிறது. ஆற்றல் வெளியேற இருந்த மூன்று வழிகளில் ஒன்றை அடைத்து, இன்னொன்றையும் சுருக்கிவிட்டோம். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில், இத்தகைய மிதிவண்டிகளோடு சாலையில் இருந்த பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்தனர். நாடே அதிர்ந்த நிகழ்வு அது. சாலையில் எதிர்பாராதது எப்போதும் நேரலாம். அந்த நொடியில் வேகத்தைக் குறைக்க நம் கையில் இருக்கும் ஒரே கருவி பிரேக்.

மலை இறங்குவோருக்கு மூன்று குறிப்புகள்

1. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவின் நடுவே அழுத்திப் பிடித்தால் டயர் வழுக்கும்.
2. இரண்டு பிரேக்கையும் பயன்படுத்துங்கள். தொடர்ந்து அழுத்தியே வைக்காமல், பிடித்து விட்டுப் பிடித்தால் ரிம் சூடு ஆற நேரம் கிடைக்கும்.
3. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல்கள் மரத்துப்போகும். பிரேக்கை உணர்ந்து பிடிக்க முடியாது. மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

ஒரு கோணமானியின் மையத்தில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். கோணமானியின் நேர் விளிம்பை ஒரு நீண்ட பலகையின் மேல் வைத்து, பலகையைச் சற்றுச் சாயுங்கள். நூல் 90 பாகையிலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ, அதுவே சாய்வுக் கோணம். 5 விழுக்காட்டுச் சரிவு 3 பாகைக்கும் சற்றுக் குறைவு. 10 விழுக்காடு 6 பாகைகூட இல்லை. கண்ணுக்கு இவ்வளவு சிறியதாகத் தெரியும் சாய்வுதான் காலைக் களைக்க வைக்கிறது! வாகனங்கள் ஓடும் சாலையில் இதைச் செய்ய வேண்டாம். பள்ளித் திடல் அல்லது வீட்டு முற்றம் போதும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. உங்கள் எடையையும் மிதிவண்டியின் எடையையும் சேர்த்து, தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத் தேவைப்படும் ஆற்றலைக் கணக்கிடுங்கள்.
2. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் புதிய சாலை, பழைய தாப்பா சாலையைவிட அகலமானது, வளைவுகளும் குறைவு. இறங்கும் மிதிவண்டிக்கு இது நன்மையா, ஆபத்தா? இயக்க ஆற்றலைக் கொண்டு விளக்குங்கள்.
3. ஒரே சரிவில் 50 கிலோகிராம் மாணவரும் 80 கிலோகிராம் மாணவரும் ஒரே வகை மிதிவண்டியில் மிதிக்காமல் இறங்குகிறார்கள். யார் முந்துவார்? ஏன்?