கையில் எடுத்துப் பாராத பூட்டு



நம் ஊர்க் கடைத்தெருவில் பூட்டு வாங்குவோரைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் கையில் ஏந்தி எடை பார்ப்பர். சாவியை விட்டு இரண்டு மூன்று முறை திருகுவர். அதன் பிறகே விலை பேசுவர். இணையக் கடையில் வாங்குபவருக்கு இதற்கெல்லாம் வழியில்லை. ஒரு படமும், அதன் கீழ் நாம் எழுதும் சில வரிகளுமே அவருக்குக் கடை.

பலர் எழுதுவது இப்படித்தான்: "மிகச் சிறந்த, மிக உறுதியான, அழகிய பூட்டு. இன்றே வாங்குங்கள்!" இதில் 'பூட்டு' என்பதை நீக்கிக் 'குடை' என்று வைத்தாலும் வாக்கியம் நன்றாகவே ஓடுகிறது! வாங்குபவர் இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வார்?

நம் மாங்காய்ப் பூட்டையே எடுத்துக்கொள்வோம். வடிவத்தால் வந்த பெயர் அது. உள்ளே லீவர் எனப்படும் தகடுகள் உண்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்கு, கூடாமலும் குறையாமலும் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். தகடுகள் கூடக் கூட, வேறு சாவியால் திறப்பது கடினம். இதை அறிந்தபின் எழுதினால் இவ்வாறு அமையும்:

"மாங்காய் வடிவப் பூட்டு. கையால் செய்தது. உள்ளே 7 லீவர்கள். சாவிகள் 2. வாசற்கதவுக்கு ஏற்றது, பெட்டிக்குப் பெரிது."

இத்துடன் அகலத்தை அளந்தும் எடையை நிறுத்தும் சேர்க்க வேண்டும், உத்தேசமாக எழுதலாகாது. கடைசி வரி விற்பனையைக் கெடுக்காதா என்பீர்கள். கெடுக்காது. பெட்டிக்கென்று வாங்கியவர் திருப்பி அனுப்பினால் விற்றவருக்குத்தானே வீண் அலைச்சல்? மணிப் பூட்டானால், சாவி திருகும்போது மணி ஒலிக்கும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். படத்தில் ஓசை கேட்காதல்லவா!

விலை குறைந்த அலிகார் இயந்திரப் பூட்டுகளோடு போட்டியிட முடியாமல் நம் பட்டறைகள் பல மூடப்பட்டன. ஆதலின் 'கையால் செய்தது' என்பதை விடலாகாது. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. வெளியூர்ப் பூட்டுக்கு அப்பெயரைச் சூட்டுவது குற்றம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது.

பயிற்சி: வீட்டிலுள்ள பூட்டு ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். 'பூட்டு', 'சாவி' என்னும் சொற்களை மறைத்துத் தோழியிடம் கொடுங்கள். எப்பொருள் என்று அவள் கூறட்டும்.