கல்லின்மேல் எழுத்து

நினைவைக் கல்லில் பொறித்து வைத்தல் தமிழகத்தில் நெடுங்கால வழக்கமாகும். உப்பளங்களால் பெயர்பெற்ற மரக்காணத்தில் பூமீசுவரர் கோயில் உள்ளது. அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. கோயிற் கல்வெட்டு பெரும்பாலும் மன்னன் பெயரையும் அவன் காலத்துக் கொடைகளையும் கூறும். இதே சோழமண்டலக் கரையில் வடக்கே, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், வேறு வகைக் கற்கள் பல உள்ளன. அவை மாண்டாரைப் பற்றிப் பேசுவன. அவற்றைத் தாங்கி நிற்பது புனித மேரி ஆலயமாகும்.

இவ்வாலயத்தின் கட்டட வேலை 1678ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் தொடங்கிற்று. 1680ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள் ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் என்பவர் கோட்டையின் ஆளுநராக இருந்த காலம் அது. கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர் தாமே பொருள் திரட்டி இதனைக் கட்டினர். பீரங்கிக் குண்டும் பெரும்புயலும் தாக்கினும் சிதையாதவாறு, சுவர்கள் நான்கடிக் கனத்தில் எழுப்பப்பட்டன. கூரை மரமின்றிச் செங்கல்லால் வளைவாக அமைக்கப்பட்டது.

ஆலயத்தைச் சுற்றிலும் தரையில் கல்லறைப் பலகைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஆயினும், அவற்றின் கீழே உடல்கள் இல்லை. இது வியப்பாகத் தோன்றும். இதன் காரணம் ஒரு போராகும்.

பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. அங்கே உயர்ந்த கல்லறைகள் பல நின்றன. 1758ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி கோட்டையை முற்றுகையிட்டான். அவன் வீரர்கள் அக்கல்லறைகளையே மறைவிடமாகக் கொண்டு போரிட்டனர். 1759ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முற்றுகை நீங்கியது. மீண்டும் அத்தகைய இடர் நேராதிருக்க, ஆங்கிலேயர் தம் முன்னோரின் கல்லறைகளைத் தாமே இடித்தனர். எழுத்துப் பொறித்த பலகைகளை மட்டும் பெயர்த்துவந்து ஆலய முற்றத்தில் பதித்தனர்.

அப்போதும் அக்கற்களுக்கு ஓய்வு கிட்டவில்லை. ஐதர் அலியோடு போர் நிகழ்ந்தபொழுது, 1782ஆம் ஆண்டில் சில பலகைகள் மீண்டும் பெயர்க்கப்பட்டுக் கொத்தளங்களில் பீரங்கிகளை நிறுத்தப் பயன்பட்டன. பின்னரே அவை முற்றத்திற்குத் திரும்பின. மாண்டவரின் நினைவைக் காப்பதா, வாழ்வோரின் உயிரைக் காப்பதா என்னும் வினா எழுந்தபொழுது, மக்கள் உயிரையே தெரிந்தெடுத்தனர். எனினும் நினைவை அவர்கள் அறவே கைவிடவில்லை.

அப்பலகைகளுள் மிகப் பழையது எலிசபெத் பேக்கர் என்னும் அம்மையாருடையது. கோட்டையின் தலைவராகப் பொறுப்பேற்ற ஆரன் பேக்கரின் மனைவியான அவர், 1652ஆம் ஆண்டில் சென்னையை நோக்கி வரும் வழியில் கடலிலேயே உயிர் நீத்தார். காணாத ஊரில் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஆலயத்தினுள்ளும் நினைவுச் சின்னங்கள் பல உண்டு. இரயத்துவாரி முறையைப் பரப்பிய ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1827ஆம் ஆண்டில் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார். அவர் எச்சங்கள் பின்னர் இங்குக் கொண்டுவரப்பட்டன. தமிழ் கற்றவரும், ஐதர் அலியிடம் தூது சென்று அவர் மதிப்பைப் பெற்றவருமான சுவார்ட்ஸ் பாதிரியாருக்கும் இங்கே ஒரு நினைவுச் சின்னம் உள்ளது. தம் அவை உறுப்பினராலேயே சிறைப்படுத்தப்பட்டு 1777ஆம் ஆண்டில் மாண்ட ஆளுநர் பிகட் பிரபுவினுடையது எனக் கருதப்படும் கல்லிலோ பெயர்கூட இல்லை. நினைவாக என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரே உள்ளது.

நினைவுக் கற்கள் பெரும்பாலும் புகழ்ச்சியையே உரைக்கும். ஆட்சி செய்தோரின் பெயர்கள் இங்கே உள்ளன; செங்கல் சுமந்தோரின் பெயர்களும் சுண்ணாம்பு அரைத்தோரின் பெயர்களும் பொறிக்கப்படவில்லை. ஆதலின், கல்லைப் படிப்போர் அதில் எழுதியிருப்பதைப் படித்தல் போதாது. எழுதாது விடப்பட்டதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதுவே வரலாற்றைக் கற்கும் முறையாகும்.